நீ பார்க்காத பதினேழு ஓவர்டைம்

என் பாசத்துக்கும் பொறாமைக்கும் உரிய அந்தோணிக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. ஸ்கெலட்டன் என்ற தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே வரிசையில் நாலு வீடு தள்ளி இருந்தவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது நீ கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாய். நான் உன் வீட்டில் இருக்கிறேன். 'உன் வீட்டில்' என்று எழுதிவிட்டு, அதை அடித்து 'எங்கள் வீட்டில்' என்று மாற்றலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மாற்றவில்லை.

உன்னைப் பற்றி, உன் மனைவியாக இருந்த லூர்துவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக நீயும் நானும் மட்டும் அறிந்திருந்த விஷயம். நியாயத்துக்காகச் சொன்னேனா, பொறாமையால் சொன்னேனா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. எதுவானாலும் அதை உனக்குத் தெரிவிப்பதுதான் முறை. லூர்துவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க, நாலு பேரு படிக்கட்டும். ஆனா என்ன ரொம்ப நல்லவளா காட்டாதீங்க" என்றாள்.

முதலில் வீட்டுச் செய்திகள். நீ இறந்து நான்கு ஆண்டு கழித்து லூர்துவை நான் திருமணம் செய்துகொண்டேன். எனக்கு அறுபத்தேழு வயது, முதல் திருமணம். அவளுக்கு அறுபது. காலைப் பூசை முடிந்ததும் எட்டுப் பேர் முன்னிலையில் நடந்தது. பிடிவாதமாக நடத்திவைத்தவள் உன் மகள் ஸ்டெல்லா. "அம்மாவும் தனியா இருக்காங்க, நீங்களும் தனியா இருக்கீங்க. ரெண்டு பேரும் எனக்குத் தனித்தனியா போன் பண்ணி ஒடம்பு சரியில்லன்னு சொல்றீங்க. ஒரே வூட்டுல இருந்தா எனக்கு ஒரு போனு மிச்சம் அங்கிள்" என்றாள். உன் பெண்தான், சந்தேகமே இல்லை.

நீ இருந்தவரை லூர்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அதை வைத்துத்தான் நீ என்னை மச்சான் ஆக்கினாய். திருமணத்துக்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பாடு வைத்துவிட்டதைச் சுவரிடம் சொல்லுவாள். பக்கத்து வீட்டு ஞானம்மா குழாயடியில், "இன்னா லூர்து, அண்ணனுக்கு இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டாளாம். லூர்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "கருவாட்டுக் கொழம்பு. என் வூட்டுக்காரரு துன்னது போவ மிச்சம் இருந்தா உனக்கும் தரேன்" என்றாளாம். அன்று முதல் நான் 'இன்னாங்க' ஆனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. இறந்தவன்மேல் பொறாமைப்படுவது சரியா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சரியில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் விடை வருகிறது. பொறாமை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அவள் உன்னோடு வாழ்ந்த முப்பது ஆண்டுகளைக் குறித்து எனக்குப் பொறாமை இல்லை. உன்னுடைய உயரம், உன் பாட்டு, லூர்து இன்னமும் உனக்குப் பிடித்தபடியே உப்புப் போடுவது, இவற்றையெல்லாம் பழகிக்கொண்டேன். என்னால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. மத்தியானம் மூன்று மணிக்குச் சுரங்க கேட்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில், அவள் உனக்காக வந்து நின்றாளே, அதுதான்.

நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்குக் கீழே இறங்கினார், எத்தனை மணிக்கு மேலே வந்தார் என்று எழுதுவது என் வேலை. என் மேசைக்கு எதிரே கம்பி போட்ட ஜன்னல். அதில் கேட் தெரியும், மரம் தெரியும், மரத்தடியில் லூர்து தெரிவாள். உங்களுக்குக் கல்யாணமான புதிது. சங்கு ஊதக் கால் மணி நேரம் இருக்கும்போதே வந்துவிடுவாள். மற்றப் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், இவள் பேசமாட்டாள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து, உடல் சோதனை முடிந்து, ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வரும்போது ஒரு முகத்தையும் விடாமல் பார்ப்பாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை இப்படி ஒருத்தி ஒரே ஒரு நாள் தேடினால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏன் அப்படி ஓர் ஆசை என்று நீ கேட்கலாம். உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் அம்மா சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள் அல்லவா? விடிகாலை வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனால் நான் அழுவேன் என்று, நான் தூங்கும்போதே போய்விடுவாள். நான் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவேன். அவள் அதை மெதுவாக உருவிவிட்டு, என் விரல்களுக்குள் ஒரு துண்டை வைத்துவிடுவாள். விழித்துப் பார்த்தால் கையில் துண்டு இருக்கும். இதில் யார்மேலும் குற்றமில்லை. ஆனால் அந்த வயதிலிருந்தே, கையில் இருப்பது அம்மாவா துண்டா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

லூர்துவைக் கட்டிக்கொண்டால் அவள் எனக்காகவும் நிற்பாள் என்று நம்பினேன். நிற்கவில்லை. நான் வெளியே புறப்பட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எப்போது வருவீர்கள் என்று கேட்கமாட்டாள். தாமதமானால் போன் செய்யமாட்டாள். வந்தால் கதவு சாத்தியிருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருமுறை சோதித்தும் பார்த்தேன். ஓய்வூதிய வேலையாகப் பங்காரப்பேட்டைக்குப் போயிருந்தேன். பதினொன்றரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். ரயிலும் சரியான நேரத்துக்கு மாரிகுப்பம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன், போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு. என்னைக் காணோம் என்று அவள் எத்தனை மணிக்குத் தேடத் தொடங்குவாள்? குறித்துக்கொள்ளக் காகிதம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

டீ விற்பவர் இரண்டு முறை பார்த்துவிட்டு மூன்றாம் முறை கேட்டார்: "இன்னா சார், நீங்க வந்த ரயிலு திரும்பியும் போயிட்ச்சி. நீங்க எறங்கின ஆளா, ஏறப்போற ஆளா?"

"ஒரு போன் வரணும்" என்றேன்.

"போனு வூட்டுல குந்திகினு இருந்தாலும் வரும் சார்."

வரவில்லை அந்தோணி. இரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் லூர்து மின்விசிறிக்கு அடியில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்புச் சத்தத்தில் கண்ணைத் திறந்து, "வந்துட்டீங்களா? ரசம் இருக்குது, சுட வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். நான் ரசத்தைச் சுட வைக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் எரியும் சின்ன பல்பை அணைத்தேன். மின்சாரம் வீணாகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஸ்டெல்லாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பெங்களூரில் வேலை, அங்கேயே அறை, சனிக்கிழமை தோறும் இங்கே வருவாள். அவளோடு வேலை செய்யும் கிரீஷ் என்ற கன்னடப் பையன் மூன்று ஆண்டுகளாகக் கல்யாணத்துக்குக் கேட்கிறான். நல்ல பையன். அவன் கேட்கும்போதெல்லாம் இவளுக்கு ஆபீசில் அவசர வேலை வந்துவிடும். கடைசியில் இருவரும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் கொடுத்த கேள்வித்தாள் ஒன்றை ஸ்டெல்லா ஒரு சனிக்கிழமை என் முன்னால் வைத்தாள். "சும்மா ஒரு வெளையாட்டு அங்கிள். நீங்களும் எழுதுங்க."

என்னிடம் தாளைக் கொடுத்தால் விளையாட்டாக எழுத வருமா? ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இருபது கேள்விகளுக்கும் எழுதினேன். 'உங்கள் துணை உங்கள் போனை எடுக்காவிட்டால் என்ன நினைப்பீர்கள்?' என்று ஒரு கேள்வி. 'இறந்திருப்பார், அல்லது என்னை வெறுத்திருப்பார்' என்று எழுதியிருந்தேன். ஸ்டெல்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நடுவுல ஒண்ணுமே இல்லியா அங்கிள்? பாத்ரூம் போயிருப்பாங்கன்னு தோணாதா?"

பிறகு விளக்கினாள். கைக்குழந்தையாக இருந்தபோது நம்மைத் தூக்கியவர்கள் எப்படித் தூக்கினார்கள், அழுதால் வந்தார்களா, சில நாள் வந்து சில நாள் வராமல் இருந்தார்களா, இதை வைத்து மனிதர்களை எப்படிப் பற்றிக்கொள்வது என்று நம் உடம்பு கற்றுக்கொள்கிறதாம். வளர்ந்த பின் கணவனையோ மனைவியையோ காதலிப்பவரையோ அதே விதத்தில்தான் பற்றுவோமாம். சிலர் நிம்மதியாகப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் விட்டால் போய்விடும் என்று இறுக்குவார்கள். சிலர், அவர்கள் விட்டுப் போவதற்குள் நாம் போய்விடலாம் என்று தள்ளி நிற்பார்கள். "நீங்க இறுக்கிப் புடிக்கிற ஆளு அங்கிள். கிரீஷும் அப்டித்தான். நான் ஓடுற ஆளு" என்றாள்.

"உங்கப்பா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

எனக்குத் தெரியும். பிறந்த அன்றே உன் தாய் போய்விட்டாள். அத்தை வீடு, பெரியம்மா வீடு, மறுபடி இன்னோர் அத்தை வீடு. ஆறு வயதில் உன் துணிகளை மூட்டையாகக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாய் என்று நீயே ஒருமுறை சொன்னாய், நகைச்சுவையாக. ஸ்டெல்லாவிடம் அதை நான் சொல்லவில்லை. "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அம்மா எந்த வகை?" என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். தாழ்த்தியும் பயனில்லை. சமையலறையிலிருந்து லூர்து, "என்ன இதுல சேக்காதீங்க, எனக்குப் பாத்திரம் கழுவ கெடக்குது" என்றாள். ஸ்டெல்லா என் காதருகே வந்து, "தள்ளி நிக்கிற வகை" என்றாள்.

அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளி நிற்பவள் என்றால் உனக்காக மட்டும் ஏன் கேட்டில் நின்றாள்? அவளுக்குள் இருந்த எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டாயா? எனக்கு என்று ஒரு கைப்பிடியாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

பிறகு கல்லறைத் திருநாள் வந்தது. உன் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஞானம்மாவும் தன் வீட்டுக்காரருக்கு ஏற்றிவிட்டு வந்து நின்றாள். லூர்து முந்தானையால் உன் பெயரைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னாள்: "இந்த மனுசன் ஓவர்டைம் பாத்தே செத்தாரு ஞானம்மா. கல்யாணம் ஆன புதுசுல நான்தான் பீரோ வேணும் பீரோ வேணும்னு உயிர வாங்கினேன். அதுக்காக ஓவர்டைம் ஓவர்டைம்னு கீழயே கெடந்தாரு. அவரு நெஞ்சுல அடைஞ்சி அவரக் கொன்ன சொரங்கத் தூசி எல்லாம் நான் கேட்டு அவரு துன்ன தூசி."

நான் இரண்டடி தள்ளி மெழுகுவர்த்திப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஓவர்டைமை நீ பார்க்கவே இல்லை என்று அந்தத் தோட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவன் சாமந்திக்குக் கீழே இருந்தான்.

நினைவிருக்கிறதா? ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்த கையோடு என் மேசைக்கு வந்தாய். ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தாய். "அவ நிக்கறதப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது மச்சான். கீழ அவ்ளோ ஆழத்துலகூட அப்டி முட்டல" என்றாய். மரக்கிடங்குப் பக்கத்துப் பின்கேட் வழியாகப் போக ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னாய். கிடங்கு வேலை என்று எழுதிக் கொடுத்தேன். நீ அந்த வழியே போய் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டின்மேல் ஏறி, தனியாக உட்கார்ந்து பீடி பிடித்தாய். வேறு எதற்கும் போகவில்லை. யாரும் எதிர்பார்க்காத ஓரிடத்தில் மூன்று நாலு மணி நேரம் இருக்கவேண்டும், அவ்வளவுதான் உனக்கு.

கூட்டம் கலைந்தபின் லூர்து ஜன்னலுக்கு வருவாள். "அண்ணா, அவரு வந்துட்டாரா?"

"ஓவர்டைம்மா. இன்னும் நாலு மணி நேரம் ஆவும். நீ வூட்டுக்குப் போ."

"சரிண்ணா" என்று லேசாகச் சிரித்துவிட்டுப் போவாள். ஸ்டெல்லா வயிற்றில் தங்கி அவள் கேட்டுக்கு வருவது நிற்கும்வரை பதினேழு முறை இது நடந்தது. பதினேழு சீட்டு எழுதினேன். எண்ணிக்கை எனக்கு மறக்காது. நீ கேட்டதற்காக மட்டுமா எழுதினேன்? சீட்டு எழுதிய நாளில்தான் அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பீரோ தீபாவளி போனஸில் வந்தது; அவள் அதை ஓவர்டைம் பணம் என்றே நம்பினாள். அதில்தான் இப்போது என் சட்டைகள் தொங்குகின்றன. அவளைப் பார்ப்பதற்காக நான் சொன்ன பொய், நாற்பது ஆண்டில் வளர்ந்து உனக்குத் தியாகிப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. நானே செய்துகொடுத்த ஒன்றின்மேல் நானே பொறாமைப்படுகிறேன். இதைவிட மடத்தனம் உண்டா?

மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் அவள் நெஞ்சிலிருந்து அந்தப் பாரம் இறங்கும், அவள் கேட்டு நீ தூசி தின்னவில்லை என்று தெரியும். சொன்னால் நீயும் ஒரு படி கீழே இறங்குவாய். முதல் காரணத்துக்காகச் சொல்வதுபோல் இரண்டாவது காரணத்துக்காகச் சொல்லப்போகிறேனா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காரணங்களை எழுதிப் பார்த்தேன். சமமாகவே வந்தது.

நாலாம் நாள் காலை லூர்து முறத்தில் புளியை வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சீட்டு, பின்கேட், மேடு, பீடி, ஜன்னலில் நான் சொன்னது. அவள் கை நிற்கவில்லை. முடிந்ததும், "எத்தினி தடவ?" என்று கேட்டாள்.

"பதினேழு."

"எண்ணிகினு வேற இருந்தீங்களா?" என்றாள். முறத்தை ஓரமாக வைத்தாள். கையைக் கழுவினாள். பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு, "ஸ்டெல்லாகிட்ட போறேன்" என்று சொல்லிவிட்டு மத்தியான ரயிலில் போய்விட்டாள். எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாட்களை விவரிக்கவேண்டாம். புளியை நானே எடுத்து முடித்தேன். போன் செய்யவில்லை. செய்தால் இறுக்கிப் பிடிப்பவன், செய்யாவிட்டால் கல்நெஞ்சன். எது சரி என்று அந்தக் கேள்வித்தாளில் இல்லை. இரண்டாம் நாள் ஸ்டெல்லாதான் கூப்பிட்டாள்.

"இன்னா அங்கிள் சொன்னீங்க அம்மாகிட்ட? வந்ததுலருந்து வாயே தொறக்கல. என் துணியெல்லாம் தொவைச்சாச்சி. இப்ப பக்கத்து ரூம் பொண்ணோட துணிய வாங்கித் தொவைக்கிறாங்க."

அவளிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நானும் ஆபீஸ் வுட்டு நேரா ரூமுக்குப் போவமாட்டேன் அங்கிள். பஸ் ஸ்டாண்டுல குந்திப்பேன். கிரீஷ் போன் மேல போன் பண்ணுவான், பாத்துகினே இருப்பேன், எடுக்கமாட்டேன். எனக்கு இன்னாவோ கெட்ட புத்தின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "அப்பாவுக்கு ஒரு மேடாவது இருந்திச்சி." அவள் சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. இப்போது கிரீஷிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். போனை எடுத்து, 'இன்னும் ஒரு மணி நேரம் என்னைத் தேடாதே' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறாளாம். அவனும் தேடாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறானாம், சிரமப்பட்டு. எனக்கு அவன்மேல் பரிதாபம் வருகிறது.

நாலாம் நாள் லூர்து வந்தாள். பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது எங்கப்பா உள்ள செத்தாரு. பாறை வெடிச்சி விழுந்திச்சி. அன்னிக்கு ஒரு நாளுதான் எங்கம்மா கேட்டுக்குப் போவல, துணி ஊற வெச்சிட்டேன்னு. அதான், நான் போயி நின்னா கட்டிகின இந்த ஆளு உசுரோட வெளிய வந்துடுவாருன்னு நெனச்சிகினு நின்னேன். ஆசையில நின்னேன்னா நெனச்சீங்க?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஓவர்டைம்னு நீங்க சொல்லுவீங்க. சரிண்ணான்னு சிரிச்சிட்டு வருவேன். வூட்டுக்கு வந்து படுத்துகினு, இன்னும் நாலு மணி நேரம் அந்த ஆள மனசுக்குள்ள நூறு தடவ சாவடிப்பேன். அவரு மேட்டுமேல காத்து வாங்கிகினு இருந்திருக்காரு. நீங்க ஜன்னல்ல வேடிக்க பாத்துகினு இருந்திருக்கீங்க."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "உங்களக் கட்டிகினதுக்கு அப்பாலதான் நான் மத்தியானத்துல தூங்கினேன். எங்க போயிடப்போறாரு, வந்துடுவாருன்னு தூங்கினேன். அதயும் கெடுத்துட்டீங்களே" என்றாள்.

ஆறு ஆண்டுகள் அவள் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தூக்கம். அதைப் பார்த்துத்தான் நான் பல்பை அணைத்தேன்.

அன்றிலிருந்து அவள் உன்னிடம் பேசுகிறாள். நீ இறந்தபின் இத்தனை ஆண்டுகளில் உன் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது தோசை ஊற்றும்போதுகூடத் திட்டுகிறாள். "மூச்சு முட்டிச்சாமே உனக்கு? சொல்லியிருந்தா நான் வூட்டுல குந்திகினு இருந்திருப்பேனே!" என்கிறாள். உன்னைக் கீழே இறக்க நினைத்தேன், நீ நடுவீட்டுக்கே வந்துவிட்டாய். என்னை அவள் இப்படி மனமாரத் திட்டியதே இல்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான். ஆனால் பீரோவைப் பற்றி அவள் பேசுவதில்லை. தூசியைப் பற்றியும் பேசுவதில்லை. அந்த ஒன்று மட்டும் நல்லதாக நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். சரியாகத்தான் நினைக்கிறேனா?

கடைசிச் செய்தி. போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் புறப்பட்டேன். செருப்பைப் போடும்போது, "எத்தினி மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள். திருமணமான நாளிலிருந்து முதல் முறை. பன்னிரண்டு என்றேன். டாக்டரிடம் கூட்டம். திரும்பும்போது ஒரு மணி.

தெருமுனையில் திரும்பியதுமே பார்த்துவிட்டேன். வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவின் மேல். தெருவில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு.

கடவுள் என்னை மன்னிக்கட்டும், அந்தோணி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபதடி தூரம் அந்தச் சந்தோஷத்தோடு நடந்தேன். அருகில் போனபின்தான் கண்களைப் பார்த்தேன். வந்துவிட்டார் என்ற நிம்மதி அதில் இல்லை. எங்கிருந்து வருகிறார் என்ற கேள்விதான் இருந்தது.

"பல்லு புடுங்கத்தான் போனீங்களா?" என்றாள்.

வாயில் பஞ்சு வைத்திருந்ததால் பேச முடியவில்லை. வாசலில் நின்றபடியே வாயைத் திறந்து காட்டினேன். அவள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்து, பல் இல்லாத இடத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நகர்ந்து வழிவிட்டாள்.

இப்போது நான் வெளியே போனால் அவள் தூங்குவதில்லை. நீ எதிலிருந்து மேட்டுக்கு ஓடினாயோ அதைத்தான் நான் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட அதைத் தாங்க முடியவில்லை எனக்கு.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போவேன். சொன்ன நேரத்துக்கு வருவேன். தாமதமானால் நானே போன் செய்வேன். ஒருநாள், இரண்டுநாள் என்று இல்லை, லூர்துவுக்கு மறுபடி சந்தேகமில்லாமல் தூக்கம் வருகிறவரை, எத்தனை ஆண்டானாலும் இதைத் தவறாமல் செய்வேன். ஒழுங்காகச் செய்ய எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதுவரை அவள் வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தெருமுனையில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அன்று உன் மனைவிக்கு அண்ணன், இன்று அவள் வீட்டுக்காரன், என்றும் உனக்கு மச்சான்,
சின்னப்பன்